அந்தக் காவலரின் குடும்பத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் அப்பா காலமானார். 72 வயது. காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்க அப்பா சொல்லாமலே போன நன்றி நிறைய இருக்கு. யார் யாருன்னு உனக்குத்தான் தெரியும், நீ எழுது" என்றார். அதற்காகத்தான் இந்த மடல்.

1991 மே 21, செவ்வாய்க்கிழமை. ராஜீவ் காந்தி தேர்தல் பிரசாரத்துக்காக ஸ்ரீபெரும்புதூர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பா தையல் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு சைக்கிளில் கிளம்பினார். கட்சிக்காரர் இல்லை. இந்திரா காந்தியின் மகனைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கூட்டத்துக்கு முன்னால் மெல்லிசைக் கச்சேரி வேறு இருந்தது.

மேடைக்குப் போகும் வழியில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் அப்பா முண்டியடித்து இடம் பிடித்திருக்கிறார். ராஜீவ் வந்து இறங்கியபோது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. கூட்டம் நெருக்கித் தள்ள, ஒரு காவலர் அப்பாவின் தோளைப் பிடித்து, "அண்ணே, பின்னால போங்க, விழுந்துடப் போறீங்க" என்று சொல்லி நாலைந்து அடி பின்னால் தள்ளிவிட்டு, அப்பா நின்ற இடத்தில் தான் நின்றுகொண்டார். அப்பாவுக்குக் கோபம். இவ்வளவு நேரம் காத்திருந்தும் கடைசியில் இவர் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று. காக்கிச் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்ததையும், காலரில் தையல் விட்டிருந்ததையும் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருப்பார். தையல்காரர் கண்ணுக்கு அதுதானே தெரியும்.

அடுத்த சில நிமிடங்களில் குண்டு வெடித்தது. பட்டாசு என்றுதான் அப்பா முதலில் நினைத்திருக்கிறார். புகை விலகியபோது முன்னால் அந்த முதுகு இல்லை.

அன்று ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் ஒன்பது பேர் காவல்துறையினர். பிற்பாடு பத்திரிகைகளில் வந்த படங்களை வைத்துக்கொண்டு அப்பா மணிக்கணக்காகப் பார்ப்பார். முகத்தைப் பார்த்திருந்தால்தானே அடையாளம் தெரியும்? அவர் பார்த்தது முதுகை மட்டும்தான். அந்த ஒன்பது பேரில் ஒருவரா, காயத்தோடு பிழைத்தவரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அதனால் அன்று அங்கே பணியில் இருந்த காவலர்கள் அத்தனை பேரின் குடும்பங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. எங்களை வளர்த்து ஆளாக்க அப்பா எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார். உங்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நன்றி என்ற சொல் போதாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அப்புறம், அந்தக் காய்கறி வேன் ஓட்டுநர். வெடித்த இடத்தை விட்டு எல்லோரும் ஓடும்போது அவர் வண்டியை உள்ளே கொண்டுவந்திருக்கிறார். காலியான சாக்குகளை விரித்து, அப்பாவையும் இன்னும் மூன்று பேரையும் படுக்கவைத்து, சென்னை ஜி.எச். வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் பஸ் கிடையாது, கடை கிடையாது, ஊரெல்லாம் கலவரம். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்றே எங்களுக்குத் தெரியாது. பக்கத்துத் தெரு பெரியப்பா ஒருவர் விடிவதற்குள் சைக்கிளில் கிளம்பிப் போய், விசாரித்து, இரவு திரும்பி வந்து "உசுரோட இருக்கான்மா" என்றார். அம்மா அதுவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

வார்டில் இருந்த நர்ஸ் அக்கா ஒருவர், அப்பாவின் தொடையிலிருந்து எடுத்த மூன்று இரும்புக் குண்டுகளைப் பஞ்சில் சுற்றி அம்மாவிடம் காட்டியிருக்கிறார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நான்காவது எலும்பை ஒட்டிப் புதைந்திருந்ததால் எடுக்க முடியவில்லை. இரவெல்லாம் வலியில் கத்தும் அப்பாவுக்குத் துணையாக, பணி நேரம் முடிந்த பிறகும் அந்த அக்கா உட்கார்ந்திருப்பாராம். 2011-இல் அதே மருத்துவமனைக்கு ராஜீவ் காந்தி பெயர் வைத்தபோது அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இரண்டு வருடம் முன்பு முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனோம். "உடம்புல உலோகம் ஏதாவது இருக்கா?" என்று ஸ்கேன் எடுக்கும் தம்பி வழக்கம்போல் கேட்டார். அப்பா சொன்னார். அந்தத் தம்பி பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. உடனே எழுந்து வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையும் கேட்டார். எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று டாக்டரிடம் அவரே பேசி, சி.டி. ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்தார். தம்பி, உங்களுக்கும் நன்றி.

2022 நவம்பரில் வழக்கில் மிச்சமிருந்த ஆறு பேரை உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, சரியா தப்பா என்று பலர் அப்பாவிடம் கேட்டார்கள். ஒரே ஒரு நிருபர் மட்டும், "ஐயா, கால் வலி இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவரிடம்தான் அப்பா அந்தக் காவலரைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் எங்கள் நன்றி.

காலர் தையல் விட்ட காக்கிச் சட்டையோடு அன்று வீட்டிலிருந்து கிளம்பிப் போனவரை உங்களில் யாருக்காவது நினைவிருந்தால், ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
தையல்கடைக்காரரின் மகள்