ஸ்ரின்ஸ்கி குடும்பம் சிகெட்வாரோடு முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹங்கேரியின் சிகெட்வார் கோட்டை முற்றுகை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உஸ்மானியர் பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை.

1566இல் உஸ்மானிய சுல்தான் சுலைமானின் பெரும்படையைச் சுமார் 2,500 வீரர்களோடு ஒரு மாதம் தடுத்து நிறுத்தினார் குரோவாஷியப் பிரபு நிக்கோலா ஸ்ரின்ஸ்கி. கோட்டை விழும் தறுவாயில் சுலைமான் கூடாரத்திலேயே இறந்துபோனதும், அதைத் தளபதி சொகொல்லு பல வாரம் மறைத்ததும் கட்டுரையில் அருமையாக வந்திருக்கின்றன. கடைசி நாளில் ஸ்ரின்ஸ்கி கவசம் அணிய மறுத்து, கோட்டைச் சாவியையும் கொஞ்சம் பொற்காசுகளையும் உடம்போடு வைத்துக்கொண்டு வாளோடு வெளியே பாய்ந்தார். உயிர் தப்பிய அவருடைய பணியாளர் செர்ன்கோ எழுதிவைத்திருப்பது இது.

ஆனால் ‘அத்தோடு அந்தக் குடும்பத்தின் கதை முடிந்தது’ என்று கட்டுரை முடிவது சரியல்ல. வகுப்பில் பிள்ளைகள் முதலில் கேட்பதே, “அப்புறம் அவங்க குடும்பம் என்ன ஆச்சு, டீச்சர்?” என்பதுதான்.

அவருடைய கொள்ளுப்பேரன்கள் நிக்கோலா, பேட்டர் இருவரும் அதே எல்லையில் நின்று போராடினார்கள். 1664 குளிர்காலத்தில் ஒசியெக் வரை ஊடுருவிய இந்த நிக்கோலா, சுலைமான் காலத்தில் சதுப்பு நிலத்தின் மேல் மைல் கணக்கில் போடப்பட்ட மரப்பாலத்தைக் கொளுத்தினார். உஸ்மானியப் படை வடக்கே போக அதுதான் வழி. அந்த ஆகஸ்டில், வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசின் படை செயின்ட் காட்ஹார்டில் உஸ்மானியரை வென்றது. வென்ற பத்தே நாளில், பேரரசர் லியோபோல்டு தரப்பு வாஷ்வாரில் சமாதானம் பேசி, பிடிபட்ட கோட்டைகளை உஸ்மானியரிடமே விட்டுவிட்டது. தலைமுறை தலைமுறையாக ரத்தம் சிந்திய குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த ஆண்டே நிக்கோலா வேட்டையில் காட்டுப்பன்றி தாக்கி இறந்தார். பேட்டரும் மைத்துனர் பிரான் கிர்ஸ்தோ பிராங்கோபானும் வியன்னாவுக்கு எதிராகச் சதி செய்தார்கள். பழைய எதிரியான உஸ்மானியரிடமே உதவி கேட்டார்கள். இதை மறைத்து அவர்களைப் புனிதர்களாக்கக் கூடாது. அந்தக் கோபத்தைத் துரோகம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

1671 ஏப்ரல் 30 அன்று வீனர் நொய்ஸ்டாட்டில் இருவரின் தலையும் வெட்டப்பட்டது. முந்தைய நாள் பேட்டர் மனைவி கத்தரீனாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. என் அன்பு நெஞ்சே என்று தொடங்கி, இந்தக் கடிதத்துக்காக வருந்தாதே, நாளை பத்து மணிக்கு என் தலையையும் கூடவே உன் தம்பி தலையையும் வெட்டப்போகிறார்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. உஸ்மானியரால் வீழ்த்த முடியாத குடும்பத்தை, யாருக்காகப் போராடியதோ அந்த அரசே வேரோடு பிடுங்கியது. சொத்துகள் பறிமுதலாயின. கத்தரீனா 1673இல் கிராட்ஸ் நகரில் இறந்தார். மகன் இவான் அந்துன் பின்னாளில் கைதாகி, இருபது ஆண்டு சிறையில் கிடந்து 1703இல் கண்மூடினார்.

கத்தரீனா ஒரு பிரார்த்தனை நூலைக் குரோவாஷிய மொழியில் தந்து 1661இல் வெனிஸில் அச்சிட்டவர். அவரைப் பற்றியும் இந்தப் பிற்பாதி பற்றியும் அதே கட்டுரையாளரைக் கொண்டே இன்னொரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்