மெச்சத்தகுந்த பணி என்றால் எந்தப் பணி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மத்திய உள்துறை வெளியிடும் காவல் பதக்கப் பட்டியலை நான் ஒருமுறைகூட விடாமல் படிப்பவன். அதில் உளவுத்துறையினர் பலருக்குத் தகைசால் பணிக்காகவும் மெச்சத்தகுந்த பணிக்காகவும் பதக்கம் அறிவிக்கிறார்கள். பெயர் இருக்கும், பதவி இருக்கும். என்ன செய்தார் என்று ஒரு வரி இருக்காது. மற்ற காவலர்களின் பணிப் பதக்கத்துக்கும் இதே நிலைதான் என்றாலும், அவர்கள் பிடித்த திருடனையும் துப்பு துலக்கிய வழக்கையும் ஊர் அறியும். உளவு அதிகாரி முன்கூட்டியே தடுத்துவிட்ட குண்டுவெடிப்பு எந்தச் செய்தியிலும் வராது.

பணியில் இருப்பவரின் வேலையை வெளியே சொல்லக் கூடாது என்பது சரி. அவருக்குத் தகவல் தந்தவரின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் எத்தனை காலத்துக்கு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு உள்நாட்டு உளவுத்துறையான ஐ.பி., வெளிநாட்டு உளவுத்துறையான ரா ஆகிய அமைப்புகளுக்கு விலக்கு அளிப்பதால், ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர மற்ற எதையும் நாம் கேட்டுப் பெற முடியாது. அரசே மனம் வைத்துச் சொன்னால்தான் உண்டு.

அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் அதிகாரி டோனி மெண்டெஸ் 1980-ல் ஈரான் தலைநகர் டெஹ்ரானில் சிக்கிய ஆறு அமெரிக்கத் தூதரக ஊழியர்களைத் தந்திரமாக மீட்டு வந்தார். அதற்கு உளவு நட்சத்திரப் பதக்கமும் பெற்றார். 1997-ல், அந்த அமைப்பின் பொன்விழா ஆண்டில், விவரத்தை அவர்களே வெளியிட்டார்கள். அவர் உயிரோடு இருந்து அந்தப் பாராட்டைக் கேட்டார்.

நம் நாட்டிலும் உளவுப் பணிக்கென்றே 2018-ல் உள்துறை ஒரு பதக்கத்தை ஏற்படுத்தியது. 2024 முதல் அது வேறு சில விருதுகளோடு சேர்த்து, ஆண்டுதோறும் அக்டோபர் 31 அன்று அறிவிக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடு, மனமாரப் பாராட்டுகிறேன். அங்கும் காரணம் வெளியே தெரிவதில்லை என்பதுதான் குறை. காரணம் தெரியாதபோது, இது உழைப்புக்கா, பதவி மூப்புக்கா என்ற சந்தேகம் எழத்தான் செய்யும். உயிரைப் பணயம் வைத்தவருக்கு அதைவிட அவமானம் வேறு உண்டா? வேலை என்னவென்றே தெரியாமல் ஊர் ஊராக மாற்றலாகிப் போன குடும்பங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பதக்கம் வழங்கி 25 ஆண்டுகள் ஆனதும் அதற்கான பரிந்துரைக் குறிப்பை ஒரு குழு பரிசீலிக்கட்டும். ஆபத்தான பெயர்களை நீக்கிவிட்டு, மீதியை அரசிதழில் வெளியிடட்டும். அதிகாரிகளோடு நிற்காமல், கடைநிலை ஊழியர் பெற்ற பதக்கங்களுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்