மறுநாள் என்ன ஆகிறது என்று கேளுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் 22 ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியை. 2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போகவில்லை. பதினைந்து நாளில் காய்ச்சலும் இருமலும் விட்டுவிட்டன. அசதி மட்டும் இன்றுவரை விடவில்லை.

அசதி என்றதும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகத் தோன்றிவிடுவதால் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. வாளித் துணியை மாடிக்குக் கொண்டுபோய் உலர்த்திவிட்டு வந்தால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆவதில்லை. பரவாயில்லையே என்றுகூட நினைத்துக்கொள்வேன். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கைகால் அடித்துப்போட்டாற்போல் ஆகி, தொண்டை கரகரத்து, விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்த, மகள் கேட்கும் கேள்வியின் தொடக்கம் அவள் முடிப்பதற்குள் மறந்துபோகும் நிலையில் படுத்துக் கிடப்பேன். சில வேளை நான்கு நாள். சில வேளை இரண்டு வாரம். தூங்கி எழுந்தாலும் தெளிவதில்லை.

உழைத்த பின், பெரும்பாலும் தாமதமாக, உடல் இப்படிச் சரிவதை நாட்பட்ட சோர்வு நோயின் கட்டாய அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ என்னும் மருத்துவ ஆலோசனை அமைப்பு 2015இல் வகுத்தது. கொரோனாவுக்குப் பின் மூன்று மாதம் கடந்தும் சோர்வு தொடரலாம் என்பதை உலக சுகாதார நிறுவனமும் 2021 அக்டோபரில் வெளியிட்ட வரையறையில் ஏற்றுக்கொண்டது. ஆனால் நான் பார்த்த நான்கு மருத்துவர்களில் ஒருவரும், வேலை செய்த மறுநாள் என்ன ஆகிறது என்று என்னைக் கேட்டதில்லை. இரத்தப் பரிசோதனை, தைராய்டு, இ.சி.ஜி., எக்கோ எல்லாம் சரியாக இருந்தன. “ரிப்போர்ட் நார்மல்; தினமும் நடங்கள், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள்” என்றார் கடைசி மருத்துவர். சொன்னதை அப்படியே கேட்கும் ஆசிரியை நான். எட்டு நாள் நடந்து, இரண்டு மாதம் படுத்தேன்.

அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பிரிட்டனின் அரசு வழிகாட்டியே 2007 முதல் இந்த நோயாளிகள் பலருக்கு அதே யோசனையைத்தான் சொல்லிவந்தது. நோயாளிகள் பல ஆண்டுகள் முறையிட்டு, சான்றுகள் மறுபடி ஆராயப்பட்ட பிறகு, 2021 அக்டோபரில் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைக் கைவிட்டு, இருக்கும் சக்திக்குள் வேலையைப் பிரித்துச் செய்யும் முறையைப் பரிந்துரைத்தது. நான் இப்போது செய்வதும் அதுதான். தொற்றுக்காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு, நாடித்துடிப்பு ஏறினால் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். (இம்மடலையும் அப்படித்தான் பத்து நாளாக எழுதினேன்.)

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. அடுத்த தெருவில் பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறை மருத்துவரே வருகிறார். வெளியே போக இயலாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் என் போன்றவர்கள் அத்திட்டத்தின் பதிவேட்டில் இல்லை. வீடு வரும் ஊழியர்கள், காய்ச்சலுக்குப் பின் ஆறு மாதமாகியும் எழமுடியாதவர் யாரேனும் உண்டா, வேலை செய்த மறுநாள் அவருக்கு என்ன ஆகிறது என்ற இரு கேள்விகளைக் கேட்கவும், மறுநாள் உடல் சரிகிறது என்றால் உடற்பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவருக்கு அனுப்பவும் தாங்கள் ஆணையிட வேண்டும்.

இன்னொன்று சான்றிதழ் பற்றியது. என் விடுப்பு விண்ணப்பத்தில் நோய் என்ற இடத்தில் ‘ஜெனரல் டெபிலிட்டி’ (பொதுவான உடல் தளர்ச்சி) என்று எழுதப்பட்டது. அதைப் படிப்பவர் சோம்பல் என்றே புரிந்துகொள்கிறார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் நாட்பட்ட நரம்பியல் நோய்களும் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 1969 முதல் நாட்பட்ட சோர்வு நோயை நரம்பு மண்டல நோய்களுடன்தான் வகைப்படுத்தியிருக்கிறது. புதிய வகையை அறிவிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசினுடையது என்பதை அறிவேன்; பரிந்துரைக்க மாநிலத்துக்குத் தடையில்லை. அதற்குக் காலம் பிடிக்கும். கள ஊழியர்களுக்கான இரு கேள்விகளுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
விருப்ப ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை