1, 13, 25 என்று எண்ண வேண்டாம் மச்சான்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. சம்மாந்துறையில் பெரும்போக நெல் குவிகிற நேரத்தில் மில் மோட்டர் எரிந்தது பெரிய இடைஞ்சல்தான்.

கொயிலைத் திரும்பச் சுற்றும்போது மூன்று பேஸையும் எந்த ஸ்லொட்டில் (கொயில் உட்காரும் பள்ளத்தில்) தொடங்குவது என்பதுதான் கேள்வி. பேஸ்களுக்கிடையில் 120 பாகை, 36 ஸ்லொட்டை மூன்றாகப் பிரித்தால் 12, ஆகவே 1, 13, 25இல் தொடங்கலாம் என்கிறான் உன் பெடியன். அந்த 120 மின் கோணம், அதாவது ஒரு போல் (காந்த முனை) சோடிக்கு 360 பாகை என்று எண்ணுவது. அவன் பிரித்தது ஸ்டேட்டர் (மோட்டரின் சுற்றாத வெளிப்பகுதி) வட்டத்தை, அதாவது பொறிமுறைக் கோணத்தை. அதைப் போல் சோடிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் மின் கோணம் வரும்.

ஸ்லொட்டுக்கு ஸ்லொட் 10 பாகை. 2 போலில் மின் கோணமும் 10. அங்கே அவன் கணக்கு சரி. 4 போலில் 20. 13ஆம் ஸ்லொட் 240 பாகையில் நிற்கும். மோட்டர் ஓடும், ஆனால் மறுபக்கம். இரண்டு வயரை மாற்றினால் சரியாகிவிடுவதால் பிழை தெரியாமலே போய்விடும், அதுதான் ஆபத்து. உன்னுடையது நிமிடத்துக்கு 960 சுற்று, 6 போல். ஸ்லொட்டுக்கு 30 பாகை. 12 ஸ்லொட் தள்ளினால் 360. 13உம் 25உம் முதல் பேஸின் இடமே. அவற்றுக்கு மற்ற இரண்டு பேஸையும் கொடுத்தால் மூன்று கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மோட்டரைச் சுற்றவைக்கும் 6 போல் சுழல்புலம் (சுற்றும் காந்தப்புலம்) எழாது. மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும், கொயில் கருகும்.

உனக்கு வேண்டியது 4 ஸ்லொட் இடைவெளி: 1, 5, 9. வயர்களைத் தள்ளி எடுக்க விரும்பினால் 1, 17, 33உம் சரிதான். ஒரு கொப்பியில் 36 ஸ்லொட்டையும் எழுதி, கீழே 0, 30, 60 என்று நிரப்பி, 360 வந்ததும் திரும்ப 0 போட்டு, 120 வருகிற இடங்களுக்கு வட்டம் போடட்டும். கேள்வி கேட்கிற பெடியன், பிடித்துக்கொள்வான்.

மில் மோட்டர்கள் கை மாறி வருவதால் பிளேட்டை மட்டும் நம்பாதே. பழைய கொயிலை வெட்டமுன் வீச்சை, அதாவது ஒரு கொயிலின் இரண்டு பக்கமும் எந்த ஸ்லொட்டிலிருந்து எந்த ஸ்லொட்டுக்குப் போகிறது என்று எண்ணு. 1இலிருந்து 6க்கோ 7க்கோ போனால் 6 போல். 9க்கோ 10க்கோ போனால் 4 போல்.

வார்னிஷ் ஊற்றமுன், றோட்டர் (சுற்றும் உள்பகுதி) இல்லாமல், வேரியாக்கில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர்) குறைந்த வோல்ட்டில் மூன்று பேஸும் கொடுத்து உள்ளே ஒரு பெயரிங் குண்டை வை. சுவரோடு ஒட்டிச் சுற்றி ஓடினால் சுழல்புலம் இருக்கிறது. ஓரிடத்தில் நின்று அதிர்ந்தால் ஏதோ ஒரு கொயில் கூட்டம் தலைகீழாக இருக்கலாம். குண்டு ஓடும் பக்கத்தை வைத்து மோட்டர் சுற்றும் திசையைத் தீர்மானிக்காதே. றோட்டர் இல்லாதபோது கரண்ட் கூட இழுக்கும், சில நொடி போதும்.

பழைய வீச்சு 1–7 என்றால் 1–6க்கு மாற்றலாமா என்று யோசிக்கிறேன். 1–6 என்றால் 5 ஸ்லொட், 150 பாகை. அதில் பிரதான புலம் 3.4% குறையும், 5ஆம், 7ஆம் இசையங்களோ (பிரதான அலையோடு கலந்து வரும் வேண்டாத 5, 7 மடங்கு அலைகள்) கால்வாசியாகிவிடும். ஆனால் கொயிலின் வயர்ச் சுற்றைக் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும். பழைய சுற்று எண்ணிக்கையையும் வயர் அளவையும் எழுதி அனுப்பு, கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி