விடுப்பு முடிந்து லே திரும்பும் வீரர்களின் குடும்பத்தாருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

லடாக்கில் பணியிலிருந்த வீரர் ‘உடல்நலக் குறைவால்’ இறந்தார் என்று நான்கு வரியில் செய்தி வந்தால், ஊரில் மாரடைப்பு என்று பேசி முடித்துவிடுகிறார்கள். லடாக்கின் சியாச்சின் பனிமலையில் 2003 நவம்பர் போர்நிறுத்தத்துக்குப் பிறகு துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டன. 1984 முதலே அங்கு எதிரியின் குண்டைவிடக் குளிரும் உயரமும்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கின்றன. 2016 பிப்ரவரி 3 அன்று அங்குள்ள சோனம் ராணுவ நிலையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் மீது சரிந்த பனியை நாடே அறியும்; அவர்களில் நால்வர் நம் மாநிலத்தவர். ஆனால் ராணுவத்தில் ‘ஹேப்போ’ (HAPO) என்று சொல்லப்படும், உயரத்தால் வரும் நுரையீரல் நீர்க்கோப்பைப் பற்றி வீரர்களின் வீட்டாருக்கே தெரிவதில்லை.

ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. உள்ளே அழுத்தம் ஏறி, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளில் நிறைகிறது. உயரத்துக்குப் போன இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் பெரும்பாலும் தொடங்கும். முதலில் வறட்டு இருமல், வழக்கத்துக்கு மீறிய அசதி. பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இளஞ்சிவப்பு நுரையோடு சளி வந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

இதைத் தடுக்கத்தான் உடலைப் பழக்கும் அட்டவணை. 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள்: முதல் இரண்டு நாள் ஓய்வு, அடுத்த இரண்டு நாள் சமதளத்தில் மெதுநடை, கடைசி இரண்டு நாள் நடையோடு சிறிய ஏற்றம். அதன்பின் 15,000 அடி வரை 4 நாள், அதற்கு மேல் இன்னொரு 4 நாள். நல்ல கட்டுமஸ்தான இளைஞர்தான் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று முதல் நாளே மூட்டை தூக்குவார். உடல் வலிமைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

முன்பே உயரத்தில் இருந்தவர் என்பதும் காப்பாற்றாது. நான்கு வாரத்துக்கு மேல் கீழே இருந்தவர் புதிதாக வந்தவரைப் போல முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்துபோகிறவர் இந்தக் கணக்கில்தான் வருகிறார். சண்டிகரில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் 11,500 அடி உயர லேயில் இறங்கிவிடுவார். உடல் அந்த வேகத்தில் பழகாது. ஆகவே விடுப்பின் கடைசி நாள்களில் சளி, காய்ச்சல் இருந்தால் வீட்டார் கைமருந்தோடு ரயிலேற்றிவிட வேண்டாம். நெஞ்சுச் சளியோடு உயரம் ஏறுபவருக்கு ஆபத்து கூடுதல். ராணுவ மருத்துவமனையில் காட்டிவிட்டுப் புறப்படட்டும். இல்லையென்றால் லே முகாமில் இறங்கியதுமே மருத்துவரிடம் சொல்லட்டும்.

நோய் வந்துவிட்டால் உடனே ஆக்சிஜன், சாய்ந்து உட்காரவைத்தல், சீக்கிரம் கீழே இறக்குதல். நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபின் மாத்திரையும் கொடுப்பார்கள். ஹெலிகாப்டர் வர முடியாத இரவிலும் பனிப்புயலிலும், காற்றடைக்கும் பையில் நோயாளியைப் படுக்கவைத்துக் காலால் பம்ப் அடிப்பார்கள். பைக்குள் அழுத்தம் ஏறுவதால் ஆயிரக்கணக்கான அடி கீழே இறங்கிய பலன் கிடைக்கும். பம்ப் அடிப்பதை இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் விட்ட மூச்சே உள்ளே தேங்கிவிடும். அந்தப் பை நேரம் வாங்கித் தருமே தவிர, கீழே இறக்குவதற்கு மாற்றல்ல.

இத்தகைய மரணங்களை வெளியிடும்போது, ராணுவம் காரணத்தைத் தெரிவித்திருந்தால் அதையும் சேர்த்து அச்சிடுங்கள். அடுத்த வாரம் லே கிளம்பவிருக்கும் வீரரின் வீட்டில் அதைப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவ உதவியாளர்,
வேலூர் மாவட்டம்.