பேவர் பிளாக் இல்லாத ஒரு துண்டுத் தரை

சேலம் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் அழகாபுரத்தில் குடியிருக்கிறேன். என் மகளுக்கு 12 வயது, ஸ்கேட்போர்டு ஓட்டுகிறாள். கடைகள் திறக்கும் முன், காலை 6 மணிக்கு, ஒரு வணிக வளாகத்தின் பார்க்கிங்கில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுவார்கள். போன மாதம் காவலாளி அவர்களைத் துரத்திவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் வேலை அது. "பார்க்குக்குப் போங்கம்மா" என்றார். போனோம். அங்கே நடைபாதை முழுக்க பேவர் பிளாக்.

ஸ்கேட்போர்டு சக்கரத்தின் விட்டம் சுமார் 5 சென்டிமீட்டர்தான் இருக்கும். இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள இடுக்கில் தட்டினால் பலகை நின்றுவிடும், பிள்ளை முன்னால் போய் விழும்.

இந்த விளையாட்டின் கதையே தரையும் சக்கரமும்தான். 1950களில் கலிபோர்னியாவில் கடலலையில் சறுக்குபவர்கள், அலை இல்லாத நாட்களில் ரோலர் ஸ்கேட் சக்கரத்தைப் பலகையின் அடியில் பொருத்தித் தெருவில் ஓட்டினார்கள். அப்புறம் களிமண் கலவையில் செய்த சக்கரங்கள் வந்தன. சின்னக் கூழாங்கல் பட்டாலே ஆளைத் தூக்கி எறியும். அடிபட்டவர்கள் பெருக, 1960களின் நடுவில் அமெரிக்காவின் பல ஊர்களில் தடை போட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்பவர், தரையைப் பற்றிக்கொண்டு ஓடும் பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் ஆட்டம் பிழைத்தது. 1976-77இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வற்றிக் கிடந்த நீச்சல் குளங்களுக்குள் பையன்கள் இறங்கி, வளைந்த சுவரில் ஏறி ஓட்டிப் பழகினார்கள். இன்றைய ஸ்கேட்பார்க்குகளில் கிண்ணம்போலக் கட்டுகிறார்களே, அது அந்தக் குளத்தின் வடிவம்தான்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல்முறை இந்த விளையாட்டைச் சேர்த்தபோது, பெண்கள் தெருப்பிரிவில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. என் மகளைவிட ஒரே ஒரு வயது மூத்தவள்! நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தின் பன்னா பக்கம், ஜன்வார் என்ற சின்னக் கிராமத்தில் 2015இல் ஸ்கேட்பார்க் கட்டியிருக்கிறார்கள். மாநகராட்சியான சேலத்தால் முடியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பலகையில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று பெரிய பையன்கள் பேசிக்கொள்வதைக் கேட்டேன். வயிறு கலங்கிவிட்டது. பேருந்தும் லாரியும் வரும் பாதை அது. இடம் கிடைக்காத பிள்ளைகள் இடத்தைத் தேடிப் போவார்கள்.

நான் ஸ்டேடியம் கேட்கவில்லை. இருக்கிற பூங்கா ஒன்றில், மூலையில், ஒரு பேட்மிண்டன் கோர்ட் அளவுக்கு வழவழப்பான கான்கிரீட் தரை. ஒரு பக்கம் இடுப்பளவு சாய்தளம், அதன் விளிம்பில் இரும்புக் குழாய். மழைநீர் வடிய வழி. சாயங்காலம் ஓட்ட இரண்டு விளக்கு. வெயிலில் தரை கொதிக்கும் என்பதால் நிழல் தரும் ஒரு மரம் பக்கத்தில் இருந்தால் நல்லது.

வரைபடம் போடும் முன் உங்கள் பொறியாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்க்கட்டும். எந்தச் சாய்வு வேண்டும் என்று அவர்களே சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டுவார்கள்.

இப்படிக்கு,
அழகாபுரத்திலிருந்து ஒரு தாய்