மாப்பிள்ளைக்கு, இரண்டு வருடம் தாமதமாக

மாப்பிள்ளை,

போனை எடுக்க மாட்டாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், அத்தோடு சரி. ஆனால் இந்தப் பக்கத்தை நீ விடாமல் படிக்கிறாய் என்று உன் தங்கை சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே, நான்தான் கிளறிக் கேட்டேன். ஊரே படிக்கிற இடத்தில் உனக்குக் கடிதம் எழுதுவது முறையில்லை என்று தெரியும். வேறு வழி வைத்தாயா நீ?

கால்பந்து அகாடமியிலிருந்து உன்னை வீட்டுக்கு அனுப்பி இன்றோடு இரண்டு வருடம். உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

போன வாரம் அக்கா பேசினாள். "உன் மருமகன் பூஜை அறை நிலையில் தலையை இடித்துக்கொண்டான், குனிந்து போ என்றால் கேட்கிறானா" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 2024 மே மாதம் உன் உயரத்தை அளந்தவன் நான்தான். சுவரில் ஒட்டிய நாடா, முதுகை ஒட்டி நீ, கையில் அட்டையோடு நான். குதிகாலைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கினாய். வேறு பையன் என்றால் பார்க்காதது போல் எழுதியிருப்பேன். உன் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். 154 சென்டிமீட்டர்.

கிளப்பின் பெயரையும் அந்த ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களும் இதைப் படிக்கிறார்கள், அவர்களில் பலர் நல்ல மனிதர்கள். நான் அங்கிருந்து வந்துவிட்டேன். ராஜினாமா என்று எழுதுகிறேன்; வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளட்டும். 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐ.எஸ்.எல். சீசனை நிறுத்திவைத்த நாளிலிருந்து இந்த நாட்டில் கால்பந்தை நம்பிச் சம்பளம் வாங்குகிற எவனும் நிம்மதியாகத் தூங்கவில்லை. அந்த வரிசையில் அகாடமிப் பயிற்சியாளன் கடைசியில் நிற்பவன். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

அந்த விடியற்காலையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பஸ் கிருஷ்ணகிரிக்கு வந்தபோது மணி நாலரை. நம் ஊருக்கு முதல் டவுன் பஸ் வர நேரம் கிடந்தது. கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, காற்றெல்லாம் பால் வாசம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். உன் பை இளைத்திருந்தது. முந்தைய நாள் சாயங்காலம் கிட் அறையில் எல்லாவற்றையும் ஒப்படைத்திருந்தாய்: பயிற்சிச் சட்டை மூன்று, கால்சட்டை மூன்று, மழைக்கோட்டு ஒன்று. காலுறைகளையும் துவைத்து மடித்துக் கொடுத்தாய். "சாக்ஸ் திருப்பித்தர வேண்டியதில்லை தம்பி" என்றார் அந்த அண்ணன். நீ பட்டியலைக் காட்டி, "இதில் இருக்கிறதே" என்று சொல்லி வைத்துவிட்டு வந்தாய்.

பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாய். டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்:

"என் பெயர் வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் மாமா?"

"நான் அந்த அறையில் இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். அப்புறம் நீயே சொன்னாய்: "ஆமாம், சொந்தக்காரர்களை உட்கார விடமாட்டார்கள் இல்லையா." பதினைந்து வயதுப் பையன் நீ, என் பொய்க்குக் காரணமும் நீயே தேடிக் கொடுத்தாய். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

அறையில்தான் இருந்தேன் மாப்பிள்ளை. கதவிலிருந்து மூன்றாவது நாற்காலி. "உங்கள் மருமகன் பெயர் வரும்போது வேண்டுமானால் வெளியே போய் நில்லுங்கள்" என்று தலைமைப் பயிற்சியாளர் மரியாதையாகத்தான் சொன்னார். "தேவையில்லை, உட்கார்ந்தே இருக்கிறேன்" என்றேன். எனக்குச் சொந்தபந்தம் கண்ணை மறைக்காது என்று காட்டிக்கொள்ள ஓர் ஆசை. இருபத்து நான்கு பையன்கள், ஆறு பேரை அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு தாள், தாளில் நான்கு கட்டம்: நுட்பம், ஆட்ட அறிவு, உடல், மனம். உனக்கு முதல் இரண்டும் பச்சை, மனம் மஞ்சள், உடல் சிவப்பு. நான்கே நிமிடம். யாரும் உன்னைக் குறைத்துப் பேசவில்லை. "அருமையான பையன், ஆனால் அடுத்த வருடம் பெரிய பையன்களோடு ஆட வேண்டும், தாங்க மாட்டான்" என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன்.

அந்த ஆட்ட அறிவுக் கட்டத்தின் பச்சையைப் பற்றி ஒன்று. பந்து வந்து சேர்வதற்கு முன் இரண்டு தரம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பாயே, அதை அங்கே பையன்களுக்கு வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் வராது. நீ வரும்போதே கொண்டுவந்தாய். காவேரிப்பட்டினத்தில் நீங்கள் ஆடுகிற இடத்தில் நடுமைதானத்தில் மாடு போகும், பால் கேன் கட்டிய டிவிஎஸ் போகும். பார்க்காமல் பந்தை வாங்கியவன் முட்டிக்கொள்வான். முதல் மாதத்தில் தலைமைப் பயிற்சியாளர் "இவனுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அதுவும் பொய்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் உங்கள் எல்லோருக்கும் இடது மணிக்கட்டில் எக்ஸ்-ரே எடுத்தார்கள், நினைவிருக்கும். வயதைக் குறைத்துச் சொல்கிறவர்களைப் பிடிக்கிற சோதனை அது. விளையாட்டில் வயது மோசடிக்கு எதிராக அரசு 2010-இல் கொண்டுவந்த விதிகளிலேயே இந்த முறை இருக்கிறது, டி.டபிள்யூ.3 என்பார்கள். கையிலும் மணிக்கட்டிலும் உள்ள 13 எலும்புகள் எவ்வளவு முதிர்ந்திருக்கின்றன என்று பார்த்து எலும்பு வயதைக் கணக்கிடுவார்கள். எலும்பு வயது ஏறியிருந்தால் மாட்டிக்கொண்டான் என்று பொருள். எல்லா அகாடமிகளும் அந்தப் பக்கம் மட்டும்தான் பார்க்கும், போலீஸ் மாதிரி. உன் தாளை நான் மறுபக்கமாகப் படித்தேன். உன் வயதைவிட உன் எலும்பு ஒன்றரை வருடத்துக்கும் மேல் இளையது. நீ குள்ளமில்லை, உனக்கு வளர்ச்சி இன்னும் தொடங்கவே இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த முழங்கால். சில்லுக்குக் கீழே புடைத்துக்கொண்டு தொட்டாலே துடித்தாயே, ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று அதற்குப் பெயர். எலும்பு வேகமாக நீளத் தொடங்கும்போது ஓடியாடும் பையன்களுக்கு வருவது. மணிக்கட்டு "இவன் பிந்தி வளர்பவன்" என்றது, முழங்கால் "இதோ தொடங்கிவிட்டேன்" என்றது. இரண்டும் எனக்குத் தெரியும். அந்த அறையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஆனால் அந்த முழங்காலை ஆறு வாரம் மறைத்தது யார்? ராத்திரியில் தைலம் தேய்த்துக்கொண்டு காலையில் சிரித்துக்கொண்டு வந்து நிற்பாய். ஒரே கட்டடத்தில் மாடியில் இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னாயா? பிசியோ கண்டுபிடித்தபோது என்னிடம்தான் கேட்டார், "உங்களுக்குக்கூடத் தெரியாதா?" என்று. ஆரம்பத்திலேயே ஓய்வெடுத்திருந்தால் கடைசி மாதப் போட்டிகளில் அப்படி நொண்டியிருக்க மாட்டாய், அந்தச் சிவப்பு மஞ்சளாகவாவது ஆகியிருக்கும். என்னை மட்டும் பொய்யன் என்று முடிவு செய்துவிடாதே.

உன் பிறந்தநாள் டிசம்பர் 27. வயதுப் பிரிவின் கோடு ஜனவரி 1. உன்னோடு அறையில் இருந்த கோல்கீப்பர் அதே வருட ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தவன். காகிதத்தில் இருவருக்கும் ஒரே வயது, அவனுக்கு மீசை. கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து 1985-லேயே இதை எழுதிவிட்டார்கள்: வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் தேறுகிறார்கள், வருடக் கடைசியில் பிறந்தவர்கள் உதிர்கிறார்கள் என்று. கால்பந்திலும் அதே கதைதான். பெல்ஜியத்தில் பிந்தி வளர்கிற பையன்களுக்கென்றே தேசிய அளவில் தனி அணி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வயதை விட்டு உடல் வளர்ச்சியைப் பார்த்துப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தார்கள். இதையெல்லாம் படம் போட்டு ஒரு பயிற்சி முகாமில் வகுப்பே எடுத்தேன். கைதட்டினார்கள். சொந்த அகாடமியின் மேஜையில், சொந்த அக்கா மகனுக்கு ஒரு வருடம் கேட்க வாய் வரவில்லை.

ஏன் என்று நானும் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேசினால் "மருமகனுக்காகப் பேசுகிறான்" என்பார்கள் என்று பயந்தேன். உன்னை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தால் உன் இடத்தில் போக வேண்டியவன் அந்த மிசோரம் பையன். அவனுக்கு அங்கே மாமா யாரும் இல்லை. இது நியாயம்தானே? நியாயம்தான். அதே மாதம் என் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதுவும் உண்மை.

தை மாதக் கல்யாணத்தில் பந்தியில் வைத்து, "மாமா வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்" என்றாய். சாம்பார் வாளியோடு நின்றவன்கூடக் கேட்டான். பாதி உண்மை என்பதால்தான் அப்படிச் சுட்டது. மீதிப் பாதியை யார் பேசுவது? ட்ரையல்ஸுக்கு உன்னை அழைத்துப்போனது யார், உனக்கு அங்கே பள்ளியில் இடம் வாங்க நடந்தது யார்? அக்கா உனக்காக எதை விட்டுக்கொடுத்தாள் என்பதை இங்கே எழுதமாட்டேன், அது வீட்டு விஷயம். அது உனக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

போகட்டும். 2022-23 சீசனில் கண்டனூர் சிவசக்தி நாராயணனுக்கு ஐ.எஸ்.எல்.லின் வளரும் வீரர் விருது கொடுத்தார்கள். அவர் படத்தை ஹாஸ்டல் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவைத்தாய். "மாமா, கண்டனூர் நம் ஊரைவிடப் பெரிய ஊரா?" என்று கேட்டாய். "இல்லையடா, நம் ஊரில் நிப்பட்டு எல்லாம் இருக்கிறதே" என்றேன். அன்றைக்கு அக்கா கொடுத்தனுப்பிய நிப்பட்டை அறை முழுக்கப் பங்கு போட்டாய். மணிப்பூர்ப் பையன் காரம் தாங்காமல் குழாயடிக்கு ஓடினான். நீ சிரித்த சிரிப்பு மாடிக்குக் கேட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோலில் நிற்கிறாயாம். உயரமாகிவிட்டதால் நிறுத்தினார்களாம். கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறாயா? என்னை நோகடிக்கத்தான் செய்கிறாய் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு முக்கியமானவனா நான் உனக்கு என்று பிறகு தோன்றியது. பாலிடெக்னிக்கில் நன்றாகப் படிக்கிறாய் என்கிறாள் அக்கா. படி. "இன்னும் நேரம் இருக்கிறது, வா, மறுபடி ட்ரையல்ஸ் போகலாம்" என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வார்த்தையை உன்னிடம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

நான் ஊருக்கே வருகிறேன். ஜூலையிலிருந்து காலை ஆறு மணிக்குச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன், அதே மைதானத்தில். நான்காம் நம்பர் பந்து பத்து வாங்கியாயிற்று. உன்னைக் கூப்பிடவில்லை, தகவலுக்குச் சொன்னேன்.

உன் மணிக்கட்டு எக்ஸ்-ரே என்னிடம் இருக்கிறது. கோப்புகளைக் கழித்துக்கட்டும்போது எடுத்து வைத்துக்கொண்டேன். உன் கை, உன்னிடம் இருப்பதுதான் சரி. சனிக்கிழமை அதே இரவு பஸ்ஸில்தான் வருகிறேன், நாலரைக்கு கிருஷ்ணகிரி. யாரும் வந்து நிற்க வேண்டியதில்லை, டவுன் பஸ் இருக்கிறது.

அக்காவின் நிப்பட்டு டப்பாவும் இத்தனை நாள் என்னிடமே தங்கிவிட்டது. எடுத்து வருகிறேன். மூடியைத் தொலைத்துவிட்டேன். அதை மட்டும் அவளிடம் நீ முன்கூட்டியே சொல்லிவை.

மாமா